தென்னந்தோப்பு காடான வரலாறு

இந்தியாவில் தொலையுணர்வு என்ற துறை நோயுற்ற தென்னைகளிடமிருந்து தொடங்கியது என்று சொல்வதுண்டு. 1882 வாக்கில் திருவிதாங்கூரின் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் முதலில் காணப்பட்ட வேர்வாடல் நோய், அடுத்த நூற்றாண்டில் கேரளத்தின் தென்மாவட்டங்களெங்கும் பரவியிருந்தது. இந்நோய் கண்ட மரம் உடனே சாவதில்லை. ஓலை தளர்ந்து, காய்ப்புக் குறைந்து, பல்லாண்டுகள் நலிகிறது. தோப்புத் தோப்பாக நடந்து கணக்கெடுப்பது எளிதன்று.

1970இல் வானிலை அறிஞர் பி. ஆர். பிஷாரடி வேறு வழி கண்டார். சி. வி. ராமனிடம் பயின்றவர் அவர். ஹெலிகாப்டரில் அகச்சிவப்புப் படச்சுருள் பொருத்திய கேமராவோடு தென்னந்தோப்புகளின் மேல் பறந்து படமெடுக்கச் செய்தார். நலமான இலை சிவப்பொளியை உட்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பியனுப்புகிறது. இலை நலியும்போது இந்த விகிதம் மாறுகிறது. அந்தப் பொய்வண்ணப் படங்களில் நல்ல மரம் செஞ்சிவப்பாகத் தெரிந்தது. நோயுற்ற மரம் மங்கித் தனித்து நின்றது.

எனினும் படத்தைப் படிக்கக் கற்பிக்கும் பள்ளி அதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெதர்லாந்தின் பிரதமராக இருந்த ஷெர்மர்ஹோர்ன், அடிப்படையில் நில அளவைப் பேராசிரியர். வளரும் நாடுகளின் மாணவர்களுக்கு வான்பட அளவையைக் கற்பிக்க 1950இல் டெல்ஃப்ட் நகரில் அவர் ஒரு மையத்தை நிறுவினார். அதன் துணையோடு 1966இல் டேராடூனில் இந்திய வான்பட விளக்க நிறுவனம் எழுந்தது. இன்றைய இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் அதுவே. ஒரே நிலத்தின் இரு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்து, மலை எழும்பி நிற்பதைக் காண்பது அங்கே முதற்பாடம். நிறம், நிழல், வடிவம், இழையமைப்பு ஆகியவற்றைக் கொண்டு மண்ணையும் பாறையையும் மரத்தையும் பிரித்தறிவது அடுத்த பாடம்.

1972இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் இந்தக் கல்வியின் இயல்பை மாற்றியது. படம் எண்களின் அடுக்காயிற்று. ஏறத்தாழ 80 மீட்டர் நிலத்துண்டு ஒன்று ஒரு படப்புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு ஒளிப்பட்டைகளில் நான்கு எண்கள். பதினெட்டு நாளுக்கு ஒருமுறை அதே நிலத்தை மீண்டும் காணலாம். ஒரு நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைச் சரிபார்க்க முதன்முறையாக ஒரு வழி பிறந்தது.

அச்சோதனை விரைவிலேயே நிகழ்ந்தது. இந்தியாவில் ஏறத்தாழ 7.5 கோடி ஹெக்டேர் காடு உண்டு என்று அரசு ஆவணங்கள் கூறிவந்தன. ஐதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு முகமை லேண்ட்சாட் படங்களை ஆராய்ந்தது. 1972-75இல் 5.55 கோடியாக இருந்த காடு, 1980-82இல் 4.63 கோடியாகச் சுருங்கியிருந்தது. நாட்டின் பரப்பில் 16.9 விழுக்காடு 14.1 ஆகியிருந்தது. வனத்துறையினர் இதை ஏற்கவில்லை. 1981இல் தோன்றிய இந்திய வன அளவை நிறுவனம் 1987இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் எண் ஏறத்தாழ 6.4 கோடிக்கு உயர்ந்தது. இடைவெளியில் யாரும் மரம் நட்டு முடித்துவிடவில்லை.

இதில் ஒரு தரப்பைப் பொய்யர் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் பிழையாகும். கோடையில் இலையுதிர்த்த காடு, வானிலிருந்து காண்போருக்குத் தரிசாகவே தோன்றக்கூடும். ஆவணத்தில் 'காடு' என்பது சட்டம் அப்பெயரிட்ட நிலம், மரமே இல்லாவிட்டாலும். ஆக, ஒளியை அளப்பதில் அன்று, சொல்லை வரையறுப்பதில்தான் சிக்கல்.

2001க்குப் பின் வன அளவை நிறுவனம் கைக்கொண்ட வரையறை இதைத் தெளிவாக்குகிறது. குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பில் மரவிதானத்தின் அடர்த்தி 10 விழுக்காடு இருந்தால் போதும்; நிலம் யாருடையது, மரம் எது, எதற்காக வளர்க்கப்படுகிறது என்ற கேள்விகள் இல்லை. பழத்தோட்டமும் மூங்கிலும் தென்னந்தோப்பும் அக்கணக்கில் காடே. 2023ஆம் ஆண்டின் அறிக்கை கூறும் 21.76 விழுக்காட்டில் இவையும் அடக்கம். பிஷாரடி தனித்தனி மரமாக நோய் தேடிய தென்னை, முப்பது ஆண்டுகளில் காட்டின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இதன் மறுபக்கத்தைப் பழனி மலையில் காணலாம். அங்கே சோலைகளுக்கிடையே விரிந்திருந்த புல்வெளிகள், ஆங்கிலேயர் காலந்தொட்டே பயனற்ற நிலமாகக் கருதப்பட்டன. சீகை மரமும் தைலமரமும் நடப்பட்டன. விதானத்தை மட்டும் எண்ணுபவருக்கு இது காட்டின் வளர்ச்சி. ஆனால் அதே லேண்ட்சாட்டின் 1973ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கி, நாற்பதாண்டு மாற்றத்தை ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, மூன்றில் இரு பங்கு புல்வெளி அழிந்ததைக் காட்டியது. கருவி ஒன்றே, கேட்ட கேள்வி வேறு.

இன்று இத்துறையில் முதுநிலைப் பட்டம் பயிலும் மாணவர்கள் கணினிக்கு மாதிரிகளைத் தந்து, 'இது காடு, இது வயல்' என்று பழக்குகிறார்கள். அந்த மாதிரிகளைத் தேர்வது மனிதரே. எனவேதான் களச் சரிபார்ப்பு இப்படிப்பின் உயிர்நாடி. படப்புள்ளி குறிக்கும் இடத்துக்கு நடந்து சென்று, மரத்தின் பெயரையும் அங்கு வாழ்வோர் அந்நிலத்தை அழைக்கும் பெயரையும் கேட்டறியாத வரைபடம், அழகாக இருக்கலாம், சான்றாகாது.

தமிழில் தோப்பு வேறு, சோலை வேறு, காடு வேறு. கொங்கு நாட்டிலோ உழுது விதைக்கும் மானாவாரி நிலமும் காடுதான். இந்த வேற்றுமைகளைச் செயற்கைக்கோள் அறியாது; அறிய வேண்டிய கடமை அதற்கு இல்லை. வரைபடத்தில் பச்சை வண்ணம் தீட்டுபவருக்கு உண்டு. அந்தப் பச்சையை நம்பியே சட்டங்கள் இயற்றப்படுகின்றன. அணைக்கும் சுரங்கத்துக்கும் காடு கைமாறுகிறது.