தேடுபொறி உகப்பாக்கத்தின் வரலாறு

தேடுபொறி உகப்பாக்கம் என்பது, ஒரு பொருளையோ சேவையையோ இணையத்தில் தேடுபவருக்கு அதற்குரிய வலைத்தளம் எளிதில் கிடைக்கும்படி அத்தளத்தைச் சீரமைக்கும் பணியாகும். பணம் கட்டி விளம்பரமாக முன்னிடம் பெறுவது இதில் அடங்காது. தேடுவோரில் பலர் முதல் சில முடிவுகளோடு நின்றுவிடுவதால், வணிகத் தளங்களுக்கு இது வருவாயோடு நேரடித் தொடர்புடையது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகால இதன் வரலாறு, ஒரு தளம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது.

தொடக்கக் காலம்

1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ஆர்ச்சி, கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடித் தந்தது. 1994இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிரையன் பிங்கர்டன் உருவாக்கிய வெப்கிராலர், பக்கத்தில் உள்ள எல்லாச் சொற்களையும் தேடும் வசதியைத் தந்தது. அதே ஆண்டில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ ஆகியோர் தொடங்கிய யாகூ, மனிதர்கள் வகைப்படுத்திய பட்டியலாக இருந்தது. அதில் தளங்கள் அகர வரிசையில் இடம்பெற்றதால், பெயரின் முதல் எழுத்தே முன்னிடம் பெற உதவியது.

1995 டிசம்பரில் வெளிவந்த ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள், நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவு போல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதைத் தொகுத்து வைத்தன. பக்கத்தின் பொருளைச் சுட்டும் குறிச்சொற்களைத் தள உரிமையாளரே மறைவாக எழுதி வைக்கவும் வழி இருந்தது. இது விரைவில் தவறாகப் பயன்பட்டது. ஒரே சொல்லை நூறு முறை எழுதுவதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைப்பதும் பரவின. கூகுள், தன் தரவரிசையில் இந்த மறைவான குறிச்சொற்களைப் பயன்படுத்துவதில்லை என்று 2009இல் வெளிப்படையாக அறிவித்தது.

இணைப்புகளின் காலம்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் வேறு வழியைக் கண்டனர். பிற ஆய்வாளர்கள் மிகுதியாக மேற்கோள் காட்டும் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்புக் கூடுகிறது. அதுபோல, பிற தளங்கள் மிகுதியாக இணைப்புத் தரும் பக்கத்தை முக்கியமானதாகக் கொள்ளலாம் என்பதே அவர்களது பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை. 1998இல் கூகுள் நிறுவனம் தோன்றியது. தளத்தின் சொந்தச் சொல்லைவிடப் பிறர் சாட்சிக்கு மதிப்புக் கூடியது. ஆனால் அந்தச் சாட்சியும் விலைக்கு வந்தது. இணைப்புகளை வாங்குவதும் விற்பதும் தனித் தொழிலாகவே வளர்ந்தன.

திருத்தங்களும் பாதிப்புகளும்

2003 நவம்பரில் கூகுள் செய்த பெரிய மாற்றம் 'புளோரிடா' என அழைக்கப்படுகிறது. கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்திற்குச் சற்று முன்பு பல வணிகத் தளங்கள் தரவரிசையில் திடீரெனச் சரிந்தன. தவறு செய்யாத தளங்களும் பாதிக்கப்பட்டதாக அப்போது புகார்கள் எழுந்தன. 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மானியத் தளம், தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் பார்வையாளருக்கு வேறு பக்கத்தையும் காட்டியதால் நீக்கப்பட்டு, சில நாள்களில் மீண்டும் சேர்க்கப்பட்டது. பெரிய நிறுவனம் அந்தச் சில நாள்களைத் தாங்கிக்கொள்ளும்; தேடலையே நம்பியிருக்கும் சிறு கடைக்கு அது பெரிய இழப்பு.

2011இல் வந்த 'பாண்டா' திருத்தம், பயனற்ற உள்ளடக்கம் கொண்ட தளங்களையும், 2012இல் வந்த 'பெங்குவின்' திருத்தம், செயற்கையான இணைப்புகளைக் கொண்ட தளங்களையும் பின்னுக்குத் தள்ளின.

தமிழ்த் தளங்கள்

தொடக்க காலத் தமிழ்த் தளங்கள் பல, தத்தமக்கென எழுத்துருக்களைப் பயன்படுத்தின. திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அவை பொருளற்ற இலத்தீன் குறிகளாகவே இருந்தன. ஆகவே தமிழில் தேடுபவருக்கு அவை அகப்படவில்லை. ஒருங்குறி பரவிய பிறகே இந்நிலை மாறியது. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

நிலைத்து நிற்கும் அடிப்படைகள்

விதிகள் பலமுறை மாறியபோதும் சில அடிப்படைகள் மாறவில்லை.

- ஒவ்வொரு பக்கத்திற்கும் அதன் பொருளைச் சொல்லும் தனித் தலைப்பு வேண்டும்.
- வாடிக்கையாளர் பேச்சில் வழங்கும் சொற்களே பக்கத்தில் இடம்பெற வேண்டும்.
- விலை, முகவரி, வேலை நேரம் போன்றவற்றைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகத் தர வேண்டும்.
- எல்லாப் பக்கங்களையும் முகப்பிலிருந்து இணைப்புகள் வழியே அடைய முடிய வேண்டும்.
- தளம் கைப்பேசியில் தடையின்றித் திறக்க வேண்டும். 2015 ஏப்ரல் முதல் கைப்பேசித் தேடலில் கூகுள் இதையும் கருத்தில் கொள்கிறது.
- இணைப்புகளை விலைக்கு வாங்கக் கூடாது.

தரவரிசையின் முழு விதிகளைத் தேடுபொறி நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. தேடல் சந்தையில் கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டத்திற்குப் புறம்பாகப் பேணியது என 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. எனவே முதலிடம் தருவதாக உறுதி கூறுவோரை நம்பிப் பணம் செலுத்துவதைவிட, வாங்குபவருக்குத் தேவையான செய்தியைத் தெளிவாகவும் உண்மையாகவும் தருவதே வணிகத் தளத்திற்குப் பாதுகாப்பான வழி என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.