ஈலேன் பேகல்ஸ்

ஈலேன் பேகல்ஸ் (பிறப்பு: 13 பிப்ரவரி 1943) அமெரிக்க சமய வரலாற்றாளர். திருச்சபை விலக்கிய நூல்களைக் கொண்டு, அச்சபை உருவான முதல் நூற்றாண்டுகளை ஆராய்ந்தவர்.

இளமை

கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹீசி தாவரவியலாளர். பிரெஸ்பிட்டீரியன் மரபில் வளர்ந்து, டார்வினைப் படித்தபின் அதைக் கைவிட்டவர். மகளோ 15 வயதில் சான் பிரான்சிஸ்கோவில் சுவிசேஷகர் பில்லி கிரகாமின் பிரசங்கம் கேட்டு மனம் மாறி, ஒரு சபையில் சேர்ந்தார். பின்னர் யூத நண்பர் ஒருவர் கார் விபத்தில் இறந்தார். கிறிஸ்துவை ஏற்று மறுபடியும் பிறவாதவருக்கு நரகமே என்று சபையார் சொல்ல, அங்கிருந்து வெளியேறினார். சுவிசேஷங்களின் ஈர்ப்பு மட்டும் நீங்கவில்லை.

கல்வி

ஸ்டான்போர்டில் இளங்கலையும் (1964) முதுகலையும் (1965) முடித்தார். புதிய ஏற்பாட்டை மூலத்தில் படிக்கக் கிரேக்கம் கற்றார். நியூயார்க்கில் நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமின் பள்ளியில் சிறிது காலம் நடனமும் பயின்றார். முனைவர் படிப்புக்கு ஹார்வர்டு முதலில் பெண் என்பதால் இடம் மறுத்தது. ஆர்வம் குறையாவிட்டால் அடுத்த ஆண்டு வரலாம் என்றது. அப்படியே சேர்ந்தார்.

1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே கண்டெடுக்கப்பட்ட 13 பப்பிரசுச் சுவடிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்டிக் நூல்கள் இருந்தன. அவற்றில் பல அவர் ஹார்வர்டில் படித்தபோதும் அச்சேறவில்லை. அவற்றின் படிகள் அங்குள்ள பேராசிரியர்கள் ஹெல்முட் கோஸ்டர், ஜார்ஜ் மெக்ரே ஆகியோரிடம் இருந்தன. அவற்றைப் படித்து, ஞானவாதிகள் (இரகசிய ஞானமே மீட்பு தரும் என்று நம்பி, திருச்சபையால் விலக்கப்பட்ட தொடக்கக் கிறிஸ்தவர்கள்) குறித்து ஆய்ந்து 1970இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆய்வுப் பணி

பர்னார்டு கல்லூரியில் ஆசிரியரானார். 1977இல் வெளிவந்த நாக் ஹம்மாதி ஆங்கிலப் பதிப்பில் பங்காற்றினார். ‘ஞானவாதச் சுவிசேஷங்கள்’ (1979) அவரைப் பொது வாசகரிடம் கொண்டுசென்றது. தொடக்கத்தில் ஒன்றாக இருந்த விசுவாசம் பின்னர் திரிந்தது என்பது மரபான விளக்கம். பேகல்ஸோ தொடக்கமே பன்மையானது என்றார். உயிர்த்த கிறிஸ்துவை நேரில் கண்ட அப்போஸ்தலரின் வாரிசுகளே ஆயர்கள் என்பதால், உடல் உயிர்த்தெழுதல் என்னும் கோட்பாடு ஆயர்களின் அதிகாரத்துக்கும் அரணாயிற்று என்று வாதிட்டார். கோட்பாட்டில் அரசியலை மிகையாகக் காண்கிறார், ஞானவாதிகள் பக்கம் சாய்கிறார் என்று அறிஞர் சிலர் மறுத்தனர். நூல் அமெரிக்கத் தேசிய நூல் விருதைப் பெற்றது. 1982இல் பிரின்ஸ்டனில் பேராசிரியரானார்.

பிற்காலம்

1987இல் சிறு வயது மகன் மார்க் நோயால் இறந்தான்; 1988இல் கணவர், இயற்பியலாளர் ஹைன்ஸ் பேகல்ஸ், மலையேற்ற விபத்தில் மறைந்தார். ‘சாத்தானின் தோற்றம்’ (1995), எதிராளியைச் சாத்தானின் ஆளாகச் சித்திரிக்கும் வழக்கம் கிறிஸ்தவத்தில் வளர்ந்த வரலாறு. இளமைக்கால நண்பரின் சாவையும் மகன், கணவர் இழப்புகளையும் தம் ஆய்வோடு சேர்த்து ‘சமயம் எதற்கு?’ (2018) என்னும் தன்வரலாற்றில் எழுதினார்.