நாற்பத்தாறின் வரலாறு

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு பிறந்து, அதுவரை ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த மகாராஜா கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியோடு பிரவேசித்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்த துயரத்தையே சங்கல்பமாகக் கொண்டு 1954இல் அடையாற்றில் புற்றுநோய் வைத்தியசாலையை நிறுவிய காலத்தில், அந்நோய்க்குக் காரணமான விகாரத்தை ஜீவகோசத்தினுள் இன்ன இடத்தில் இருக்கிறதென்று கண்ணாரக் காட்டியவர் எவருமில்லை. மனிதனின் கோசத்திலுள்ள குரோமோசோம் என்னும் இழைகள் எத்தனை என்பதே பிழையாகத்தான் அறியப்பட்டிருந்தது.

அமெரிக்க விஞ்ஞானி பெயின்டர் 1923இல் 48 என்று முடிவு கூறினார். மிகத் தெளிந்த தோற்றங்களில் 46 மட்டுமே தென்பட்டதாக இரண்டாண்டுகளுக்கு முன்பு அவரே எழுதியிருந்தும், பின்வந்தோர் 48ஐ எதிர்பார்த்தே எண்ணி, அதையே கண்டார்கள். கோசம் பிளவுறும் தருணத்தில் மட்டும் தனித்தனியே புலப்படும் அவ்விழைகள் ஒன்றன்மேலொன்று கிடந்து கண்ணை மயக்கியபடியால் அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

அம்மயக்கத்தைத் தீர்த்தவை இரண்டு. உப்புச் செறிவு குறைந்த நீரில் கோசத்தை ஊறவைத்தால் அது உப்பி, இழைகள் விலகிப் பரவும் என்பதை 1952இல் சூ என்பவர் வெளியிட்டார். மற்றொன்று, பிளவை நடுவழியில் நிறுத்தவல்ல கோல்கிசின் என்னும் நஞ்சு. நம் நாட்டு வேலிகளில் படர்ந்து பூக்கும் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதுவே. ஜாவாவில் பிறந்து, யுத்த காலத்தில் ஜப்பானியரின் சிறைமுகாமில் வாதையுற்று மீண்ட ஜோ ஹின் ஜியோ, ஸ்வீடனின் லுண்ட் நகரில், 1955 டிசம்பரில் இவ்விரண்டையும் கையாண்டு, கருவின் நுரையீரல் கோசங்களில் 46ஐ ஐயமற எண்ணினார். சக விஞ்ஞானி லெவானோடு சேர்ந்து மறு ஆண்டே பிரசுரித்தார். இருபாலார்க்கும் பொதுவான 22 ஜோடிகளும், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஒரு ஒய்யும் என அமைந்த பால் ஜோடியும் கூடியதே அத்தொகை.

சரியான எண் கிடைத்த பின்னரே பிழைபட்ட அமைப்பைப் பிழையென்று காண முடிந்தது. மூன்றாண்டுகளில், 21ஆவது குரோமோசோம் ஒன்று மிகையாயிருப்பதே டவுன் நோய்க்குக் காரணமென்று பாரிஸில் லெழூன் குழுவினர் அறிவித்தனர். 1960இல் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும், ஒருவகை இரத்தப் புற்றுநோயாளரின் கோசங்களில் இயல்புக்கு மீறிச் சிறுத்த குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். அது 9ஆவதும் 22ஆவதும் தம்முள் துண்டு மாற்றிக்கொண்டதால் விளைந்ததென்பதை 1973இல் ஜேனட் ரௌலி நிரூபித்தபொழுது, முத்துலட்சுமி அம்மையார் மறைந்து ஏறத்தாழ ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அத்துண்டு மாற்றம் பிறப்பிக்கும் புரதத்தைத் தடுத்து நிறுத்தும் மாத்திரை 2001இல் நோயாளரின் கைக்கு வந்த வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.