கடல் கடந்தும் கலையாத குடி

மக்கள் தம் மண்ணை விட்டுப் பெயர்வதற்குக் காரணங்கள் பல. பிழைப்பு நாடிப் பெயர்வோர் உண்டு. கொள்கை காக்கப் பெயர்வோரும் உண்டு. பின்னவருள் வைத்து எண்ணத்தக்கோர் அமெரிக்க நாட்டில் வாழும் ஆமிஷ் மக்கள். குதிரை வண்டியையும் மின்கம்பி நுழையாத வீட்டையும் கண்டு அவர்களை வேடிக்கை மனிதராகக் கருதுவார் பலர். அவர்தம் வரலாற்றை அறிவோமாயின் அவ்வியப்பு மதிப்பாக மாறும்.

1525ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சிலர் கூடி, வயது வந்தபின் மீண்டும் திருமுழுக்குப் பெற்றனர். சமய நம்பிக்கை அறிந்து ஏற்கவேண்டியது. அறியாக் குழந்தைக்கு அளிக்கும் திருமுழுக்குப் பொருளற்றது என்பது அவர்தம் கொள்கை. வாளேந்துவதும் ஆகாது என்று இவ்வழியினர் பின்னர் உறுதி பூண்டனர். அரசும் திருச்சபையும் பிணைந்திருந்த அந்நாளில் இது பெருங்குற்றமாயிற்று. 1527இல் பெலிக்ஸ் மான்ஸ் என்பாரை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றனர். நெதர்லாந்தில் 1536இல் கத்தோலிக்கக் குருப்பணியைத் துறந்து இவ்வியக்கத்தில் சேர்ந்தவர் மென்னோ சைமன்ஸ். அவர் பெயரால் எழுந்ததே மெனோனைட் என்னும் பெயர்.

1693இல் இவர்களிடையே பிளவு நேர்ந்தது. சபையினின்று விலக்கப்பட்டவரோடு ஒருங்கிருந்து உண்ணுதலும் கூடாது என்றார் யாக்கோபு அம்மான். அவரைப் பின்பற்றியோரே ஆமிஷ் எனப்பட்டனர். 1712இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி அல்சாஸ் பகுதியினின்று இவர்களை வெளியேற்ற ஆணையிட்டார். சமயப் பொறை நிலவிய பென்சில்வேனியா புகலிடமாயிற்று. 1737இல் 'சார்மிங் நான்சி' என்னும் கப்பலில் ஆமிஷ் குடும்பங்கள் பல பிலடெல்பியாவை அடைந்தன. ஐரோப்பாவில் எஞ்சியோர் சிதறி வாழ்ந்து, பிற சபைகளில் கலந்தனர். அங்கிருந்த இறுதிச் சபையும் 1937இல் மெனோனைட் சபையோடு இணைந்தது. அமெரிக்காவிலோ, 1900இல் ஏறத்தாழ 5,000 பேராயிருந்தவர்கள் இன்று 4 இலட்சம் அளவில் பெருகியுள்ளனர்.

மின்சாரம் பாவம் என்பதன்று இவர்தம் கருத்து. ஒவ்வொரு புதுமையும் சமூகத்தைச் சேர்க்குமா, பிரிக்குமா என்று வினவியே ஏற்கின்றனர் அல்லது விலக்குகின்றனர். பிறர் காரில் ஏறிச் செல்வர். தாம் கார் வைத்துக்கொள்ளார். வீட்டில் பென்சில்வேனிய ஜெர்மன், வழிபாட்டில் பழைய ஜெர்மன், பள்ளியில் ஆங்கிலம் என மும்மொழி வழங்குவர். 2006இல் இவர்தம் பள்ளியொன்றில் ஒருவன் சுட்டதில் 5 சிறுமியர் மாண்டனர். அக்கொலைஞனின் குடும்பத்தாரைத் தேடிச் சென்று ஆறுதல் கூறினர் இம்மக்கள்.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்தும் இவர்தம் உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் ஏற்றது. பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்கவேண்டும் என்று நீதிபதி டக்ளஸ் மாறுபட்டுரைத்தார். மரபைக் காக்கும் பெற்றோர் பிள்ளையின் எதிர்காலத்தை எவ்வளவு குறுக்கலாம்? இவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

வெளியூரில் வாழும் நாம் கல்வியைச் சுருக்கவும் வேண்டா. காலத்தைத் தடுக்கவும் வேண்டா. ஆயினும் வீட்டு மொழியை வீட்டார் பேசினாலன்றி வேறெவரும் காத்துத் தரார் என்பதை அம்மக்கள் முந்நூறு ஆண்டுகளாய் வாழ்ந்து காட்டுகின்றனர். அவ்வொன்றையேனும் நாம் கற்றுக்கொள்ளலாம்.