ஃபார்கோ (1996)

ஃபார்கோ, ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் சகோதரர்கள் உருவாக்கிய அமெரிக்கத் திரைப்படம். 98 நிமிடம் ஓடும் இந்தக் குற்றக்கதை, டார்க் காமெடி என்றதும் முதலில் நினைவுக்கு வரும் படங்களில் ஒன்று. தலைப்பில் இருப்பது வடக்கு டகோட்டா மாநிலத்து நகரம். ஆனால் கதையில் அந்த ஊருக்கு உள்ள இடம் தொடக்கத்தில் வரும் மதுக்கூடக் காட்சி மட்டுமே. அதையும் மினியாபொலிஸில்தான் எடுத்தார்கள். முதல் கொலைகள் விழுவது பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் பிரெய்னர்ட் என்ற சிற்றூரை ஒட்டி. 'பிரெய்னர்ட்' என்பதைவிட 'ஃபார்கோ' கேட்க நன்றாக இருந்தது என்பதே சகோதரர்கள் சொன்ன விளக்கம்.

இருவரும் பிறந்து வளர்ந்தது மினியாபொலிஸின் புறநகரான செயின்ட் லூயிஸ் பார்க்கில். 1984இல் 'பிளட் சிம்பிள்' மூலம் அறிமுகமானார்கள். பெருஞ்செலவில் எடுத்த 'தி ஹட்சக்கர் பிராக்ஸி' 1994இல் படுதோல்வி அடைந்தது. அடுத்த படத்துக்குச் சுமார் 70 லட்சம் டாலர் பட்ஜெட்டோடு சொந்த மண்ணுக்கே திரும்பினார்கள்.

கதை 1987ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடக்கிறது. ஜெர்ரி லண்டகார்ட் (வில்லியம் ஹெச். மேசி) மாமனாரின் கார் ஷோரூமில் விற்பனை மேலாளர். கடனில் மூழ்கியவர், தன் மனைவியையே கடத்த இரண்டு ரவுடிகளை ஏற்பாடு செய்கிறார். பணயத்தொகை 80,000 டாலர் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, மாமனாரிடம் 10 லட்சம் என்கிறார். கடத்தல்காரர்களின் காரை நம்பர் பிளேட் விவகாரத்துக்காக நிறுத்துகிறார் ஒரு நெடுஞ்சாலைக் காவலர். அவர் சுடப்படுகிறார், அந்த வழியாக வந்து அதைப் பார்த்துவிட்ட இருவரும் சாகிறார்கள். படம் முடிவதற்குள் பிணங்கள் ஏழு.

விசாரணைக்கு வருபவர் ஏழு மாதக் கர்ப்பிணியான உள்ளூர்க் காவல்துறைத் தலைவி மார்ஜ் கண்டர்சன் (பிரான்சஸ் மெக்டார்மண்ட்). படம் தொடங்கி அரைமணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே கதாநாயகியைக் காட்டும் துணிச்சல் இவர்களுக்கு இருந்தது. பனியில் கவிழ்ந்து கிடக்கும் காருக்குப் பக்கத்தில் அவர் சட்டென்று குனிகிறார். தடயம் கிடைத்ததா என்று கேட்கிறார் உடன் வந்த காவலர். இல்லை, குமட்டல்தான். ஒரு நிமிடத்தில் அது அடங்கிப் பசி எடுக்கிறது. அந்த இடத்தில் நடந்தது என்ன, கொலைகாரன் எப்படிப்பட்ட உருவம் என்பதையெல்லாம் சாவகாசமாகச் சொல்லி முடித்துவிடுகிறார். மேதாவித் துப்பறிவாளர்களையே பார்த்துப் பழகிய திரைக்கு இது புதிது.

படத்தின் சிரிப்பு வசனத் துணுக்குகளில் இல்லை, மரியாதையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே, சுவீடன் நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்த மக்கள் இவர்கள். ராகம் போட்டு இழுத்துப் பேசுவார்கள். கோபத்தை வெளியே காட்டுவது அநாகரிகம் என்று நினைப்பார்கள். பணம் கிடைக்காமல் திரும்பும் ஜெர்ரி, கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிறார். திடீரென்று வெறி பிடித்தாற்போலக் கையை வீசி அடிக்கிறார், சுரண்டியைத் தூக்கி எறிகிறார். பிறகு அதையே எடுத்து மறுபடி சுரண்டத் தொடங்குகிறார். அந்த மனிதரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு காட்சி போதும். கார்ட்டர் பர்வெல் தன் இசையை ஒரு பழைய ஸ்காண்டிநேவியப் பக்திப் பாடலிலிருந்து வளர்த்தெடுத்ததும் இதே மண்ணின் தொடர்ச்சிதான்.

படப்பிடிப்பை ஆட்டிவைத்தது வானிலை. 1995இல் மினசோட்டாவில் எதிர்பார்த்த பனி விழவில்லை. குழு வடக்கு டகோட்டாவுக்கு நகர்ந்தது, செயற்கைப் பனியும் தேவைப்பட்டது. பிரெய்னர்டின் எல்லையில் கோடரியோடு நிற்கும் பால் பன்யன் சிலை, வடக்கு டகோட்டாவின் பெம்பினா வட்டாரத்தில் படத்துக்காகவே எழுப்பப்பட்டது. வானமும் தரையும் ஒரே வெள்ளையாகக் கலந்துபோகும் சட்டகங்கள் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸுடையவை. படத்தொகுப்பாளராகப் போடப்பட்ட ரோடரிக் ஜேன்ஸ் என்றொரு ஆளே கிடையாது, அது சகோதரர்களின் புனைபெயர். இல்லாத அந்த மனிதர் ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார்.

இதைவிடப் பெரிய பொய் படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. இது உண்மைக் கதை, உயிர்பிழைத்தவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டன என்கிறது எழுத்து. அப்படி எதுவும் மினசோட்டாவில் நடக்கவில்லை. கதாபாத்திரங்கள் அனைத்தும் கற்பனையே என்ற வழக்கமான அறிவிப்பு, பலர் எழுந்து போய்விடும் இறுதிப் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது. உடலை மரக்கிளை அரைக்கும் இயந்திரத்தில் போடும் காட்சிக்கு, 1986இல் கனெக்டிகட் மாநிலத்தில் கணவன் மனைவியைக் கொன்ற வழக்கு தூண்டுதலாக இருந்தது. உண்மை என்று நம்பிவிட்டால், எவ்வளவு அபத்தமான திருப்பத்தையும் பார்வையாளர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அது பலித்தது.

பலித்ததன் மறுபக்கம் 2001இல் தெரிந்தது. மினசோட்டாவின் டெட்ராய்ட் லேக்ஸ் அருகே ஒரு ஜப்பானியப் பெண் இறந்துகிடந்தார். படத்தில் ஒரு ரவுடி வேலியோரப் பனியில் புதைத்த பணப்பெட்டியைத் தேடி வந்தவர் என்று செய்தி பரவியது. மொழி புரியாத காவலர் ஒருவரிடம் தொடங்கிய குழப்பம் அது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு வந்தவர் என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் வதந்திதான் நிலைத்தது. 2014இல் வெளியான 'குமிகோ, தி டிரஷர் ஹண்டர்' அந்த வதந்தியை வைத்தே எடுக்கப்பட்ட படம்.

1996 மார்ச்சில் அமெரிக்காவில் வெளியான ஃபார்கோ, உலகெங்கும் சுமார் 6 கோடி டாலர் வசூலித்தது. அவ்வாண்டு கான் விழாவில் ஜோயல் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகளில் மெக்டார்மண்டின் நடிப்புக்கும் அசல் திரைக்கதைக்கும் விருது கிடைத்தது. சிறந்த படத்துக்கான விருதை 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' கொண்டுபோனது. இன்று திரும்பிப் பார்த்தால் தவறான தேர்வு என்றே தோன்றுகிறது. 2006இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு ஃபார்கோவைச் சேர்த்துக்கொண்டது.

1997இல் கேத்தி பேட்ஸ் இயக்கிய ஒரு தொலைக்காட்சி முன்னோட்டம் தொடராக வளரவில்லை. 2014இல் நோவா ஹாலி எஃப்எக்ஸ் தொலைக்காட்சிக்காக உருவாக்கிய தொடர் ஐந்து பருவங்கள் கண்டது. ஒவ்வொன்றிலும் கதையும் ஆட்களும் வேறு, 'உண்மைக் கதை' என்ற அறிவிப்பு மட்டும் அப்படியே. புதைத்த பணத்துக்கு என்ன ஆனது என்பதற்கு முதல் பருவத்தில் விடை இருக்கிறது. அதனால் படத்தை முதலில் பார்த்துவிட்டுத் தொடருக்குப் போவதே நல்லது.