அருகு செத்த அரங்கம்

எங்கள் வீட்டு முன்னால் பத்துக்குப் பத்தடி மண் தரை இருக்கிறது. போன கோடையில் அங்கே பிளாஸ்டிக் புல் விரிச்சிடலாம்னு சொன்னேன். தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், பூச்சி வராது. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அருகு வைடா. அதுக்குச் சாவே கிடையாது."

அருகு செத்த ஓர் இடம் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1965 ஏப்ரலில் ஆஸ்ட்ரோடோம் திறந்தது. கூரை மூடி, குளிரூட்டப்பட்ட மாபெரும் பேஸ்பால் அரங்கம். தரையில் டிஃப்வே 419 என்ற பெர்முடா புல். பெர்முடா என்று அவர்கள் சொல்வது நம்ம அருகம்புல்லைத்தான். டிஃப்வே, அருகும் அதன் ஆப்பிரிக்கச் சொந்தமும் கலந்த இனம். அதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காகவே கூரையில் ஒளி ஊடுருவும் பலகைகளைப் பதித்தார்கள்.

பகல் ஆட்டங்களில் பிரச்சினை வந்தது. கண்கூச்சத்தில், மேலே எழும்பிய பந்து வீரர்களுக்குத் தெரியவில்லை. கூரைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்து அந்த சீசனை ஓட்டினார்கள். ஒரு பிழையைத் திருத்தப்போய் இன்னொன்று முளைப்பது என் தொழிலில் தினசரிக் காட்சி. இந்தக் கதையைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

1966-இல் அங்கே நைலான் புல் வந்தது. அது இந்த அரங்கத்துக்காகப் பிறந்ததல்ல. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட நல்ல தரை இல்லையே என்று ஃபோர்டு அறக்கட்டளையின் கல்விக் கட்டட ஆய்வுப் பிரிவு கவலைப்பட்டது. மான்சாண்டோவின் துணை நிறுவனமான கெம்ஸ்ட்ராண்ட் 'கெம்கிராஸ்' தயாரித்தது. 1964-இல் பிராவிடன்ஸ் நகரின் மோசஸ் பிரவுன் பள்ளியில் அதை விரித்தார்கள். ஹூஸ்டனுக்குப் பிறகுதான் 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயர். அங்கிருந்து மெல்ல மொட்டைமாடி, பால்கனி, வீட்டு முற்றம் வரை வந்துவிட்டது.

பிளாஸ்டிக் வந்து இயற்கையான புல்வெளியைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியுமா? இங்கிலாந்தில் ஒரு காலத்தில் புல்வெளி பண்ணையாரின் அந்தஸ்து. அதை ஒட்ட வெட்ட அரிவாளோடு ஆட்கள் வேண்டும், இல்லையென்றால் ஆடுகள் வேண்டும். 1830-இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணியின் மேல்மயிரைக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை அது. புல்வெளி நடுத்தர வர்க்கத்துக்கு இறங்கியது. 1947-இல் தொடங்கிய நியூயார்க் மாநிலத்தின் லெவிட்டவுன் குடியிருப்பில், புல்லை வாராவாரம் வெட்டவேண்டும் என்பது வீட்டு ஒப்பந்தத்திலேயே இருந்தது.

பூக்கக்கூடாது, விதைக்கக்கூடாது, உயரக்கூடாது, எப்போதும் பச்சையாக மட்டும் இருக்கவேண்டும். உயிருள்ள ஒன்றிடம் இத்தனையும் கேட்ட பிறகு, மிச்சமிருந்தது பிளாஸ்டிக்தான்.

அதற்காகப் பிளாஸ்டிக்கும் புல்லும் ஒன்றாகிவிடாது. புல் நீரை ஆவியாக்கித் தரையைக் குளிர்விக்கும். பிளாஸ்டிக்குக்கு வியர்க்கத் தெரியாது. உச்சி வெயிலில் 60 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பத்துப் பதினைந்து வருடத்தில் நைந்து குப்பைக்குப் போகும். மறுபக்கம், லாஸ் வேகஸ் போன்ற பாலைவன ஊரில் புல்லைப் பிடுங்கினால் தண்ணீர் ஆணையமே பணம் தருகிறது. அங்கே புல்தான் ஆடம்பரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து மணிக்கொரு தடவை போய் எங்கள் முற்றத்தில் நிழல் விழும் இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன். எதிர்வீட்டு மாடி எழும்பிய பிறகு, பாதித் தரைக்கு இரண்டு மணி நேர வெயில்கூட இல்லை. அப்பாவின் அருகு அங்கே ஹூஸ்டன் அருகு போலத்தான் ஆகும். அப்பாவிடம் கோடுகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, வெயில் படுற பக்கம் மட்டும் வை" என்றார்.

வைத்தோம். பிடித்துக்கொண்டது. மீதி பாதியை மண்ணாகவே விட்டுவிட்டோம். என் மகள் விளையாடுவது அந்தப் பாதியில்தான்.