பக்தாத் முதல் மதுரை வரை: கண் அழற்சி நோயின் வரலாறு



கண் சிவந்து வலித்தால் அதனை ‘மெட்ராஸ் ஐ’ என்று கருதி, மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்வது நம் மக்களிடையே பரவலான வழக்கம். ஆனால் கண்ணின் சிவப்பு எல்லாம் வெளிப்படலத்தோடு நின்றுவிடுவதில்லை. விழியின் உள்ளடுக்கில் தோன்றும் அழற்சியும் உண்டு. மருத்துவர்கள் இதனை ‘யுவைட்டிஸ்’ என்பர். கவனியாது விட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது இது. இதன் காரணம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்பதை மருத்துவ உலகம் சிறிது சிறிதாகவே அறிந்துகொண்டது.

இந்நோயின் பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கியுள்ளது. தோலுரித்த திராட்சையைப் போலத் தோன்றியதால் கிரேக்கர்கள் இவ்வடுக்கிற்குத் திராட்சையின் பெயரை இட்டனர். அரபு மருத்துவர்கள் அதனை ‘இனபிய்யா’ என்று மொழிபெயர்த்தனர். ‘இனப்’ என்றால் திராட்சை. அதுவே லத்தீனில் ‘யுவியா’ என்றாயிற்று.

அக்காலத்தில் கண் மருத்துவரைக் ‘கஹ்ஹால்’ என்று அழைத்தனர். கண்ணுக்கு இடும் மையைக் குறிக்கும் ‘குஹ்ல்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா அல்-கஹ்ஹால் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ என்ற நூலில் ஏறத்தாழ 130 கண் நோய்களை விவரித்தார். கண் அழற்சியோடு இமைமயிர் வெளுப்பதையும் அவர் குறித்துள்ளார். பல நூற்றாண்டுகள் கழித்து, ஸ்விட்சர்லாந்தின் வோக்ட் 1906லும், ஜப்பானியரான ஹராடா 1926லும், கோயனாகி 1929லும் இத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினர். இன்று அந்நோய் அம்மூவர் பெயரால் வழங்குகிறது. உடலின் தற்காப்பு ஆற்றலே நிறமி அணுக்களைத் தாக்குவதால் விளையும் இந்நோய் ஜப்பானில் அதிகம். ஐரோப்பிய வெள்ளையரிடையே அரிது.

அடுத்து இஸ்தான்புல். அங்கே தோல் மருத்துவராக விளங்கிய ஹுலூசி பெஹ்செத் (1889-1948), வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, இவை தனித்தனி நோய்களல்ல, ஒரே நோயின் வெளிப்பாடுகளே என்று 1937இல் அறிவித்தார். 1947இல் ஜெனீவா மருத்துவ மாநாட்டின்போது அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. ஏதென்ஸின் கண் மருத்துவர் அதமாந்தியாதிஸும் அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே இத்தகைய நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார். துருக்கி, ஈரான் வழியாக ஜப்பான் வரை, பழைய பட்டுப் பாதையை ஒட்டிய நாடுகளில்தான் இந்நோய் மிகுதி. ‘எச்.எல்.ஏ. பி51’ என்ற மரபுக்கூறு இதற்குத் துணைபோகிறது. ஆயினும் மரபு மட்டுமே காரணமன்று. ஜெர்மனியில் குடியேறிய துருக்கியரிடம் இந்நோய் ஜெர்மானியரைவிட அதிகமாகவும், துருக்கியில் வாழ்வோரைவிடக் குறைவாகவும் காணப்பட்டது. வாழும் மண்ணுக்கும் பங்குண்டு என்பதற்கு இதுவே சான்று.

இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. 1993ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையால் மதுரை வட்டாரம் வெள்ளக்காடாயிற்று. அதைத் தொடர்ந்து 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் அழற்சி நோயாளிகள் வழக்கத்திற்கு மாறாக அதிகமாக வந்தனர். டாக்டர் எஸ்.ஆர். ரத்தினமும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, எலிக் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸே காரணம் என்று கண்டனர். அத்தகைய 73 நோயாளிகளைப் பற்றிய அவர்களது ஆய்வு 1997இல் வெளியாயிற்று. எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலோடு நடப்போரின் தோல் கீறல் வழியே கிருமி நுழைகிறது. காய்ச்சல் தணிந்து பல வாரங்களோ மாதங்களோ கழிந்த பின்னர்கூடக் கண் பாதிக்கப்படலாம்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கருவிழிக்குப் பின்புறம் அடியில் வெண்ணிறச் சீழ்போல் படிவது ஓர் அடையாளம். அதனைக் காணும் இஸ்தான்புல் மருத்துவர் முதலில் பெஹ்செத் நோயை எண்ணுவார். மதுரை மருத்துவர் எலிக் காய்ச்சலையும் எண்ணியாக வேண்டும். முன்னது நீண்டகாலச் சிகிச்சையை வேண்டுவது. பின்னது உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலும் பார்வையைத் திருப்பித் தருவது. அடையாளம் ஒன்று, காரணமும் மருத்துவமும் வேறு. பிரேசிலின் தென்பகுதியில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியையும், நம் நாட்டில் காசநோயையும் மருத்துவர்கள் தேடுவது இதனால்தான்.

எனவே கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் தாமதியாது கண் மருத்துவரிடம் செல்லுங்கள். அண்மையில் வந்த காய்ச்சல், வெள்ள நீரிலோ வயல் நீரிலோ நின்றது, அடிக்கடி வரும் வாய்ப்புண், மூட்டு வலி, வீட்டில் எவருக்கேனும் இருந்த காசநோய் ஆகியவற்றை அவர் கேளாவிடினும் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தாமாகவே நெடுநாள் பயன்படுத்தினால் கண்புரையும் கண்ணழுத்தமும் வரக்கூடும். நோயாளியின் ஊரும் நீரும் தொழிலும் நோயறிதலின் ஒரு பகுதியே என்பதுதான் இந்நெடிய வரலாறு நமக்குத் தரும் பாடம்.